பொங்கலும் போருக்குப் பிந்தைய அமெரிக்காவும்

சமயபுரத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி, தாளாளர் வீரமலையின் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அதை முதலில் அவருடைய இரண்டாவது லாட்ஜாகத்தான் கட்ட ஆரம்பித்தார்கள். பக்தர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், மாணவர்கள் என்றால் மூன்று வருஷம் தங்குவார்கள் என்று பாதிக் கட்டடத்தில் யாரோ அவருக்கு எடுத்துச் சொல்ல, லாட்ஜ் கல்லூரி ஆயிற்று. அதனால் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு குளியலறை உண்டு. கதவில், வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஒரு கண்ணாடித் துளை உண்டு. அதைக் கழற்றித் திருப்பிப் பொருத்தி, உள்ளே யார் பாடம் நடத்துகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கும்படி செய்தவர் முதல்வர் அழகியமணவாளன். கல்வித்துறைக்கு அவர் செய்த தொண்டு என்னவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் அமிர்தராஜ் தற்காலிக விரிவுரையாளர். தலை நரைத்துவிட்டது, வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். ஒவ்வொரு மே மாதமும் போகும், ஜூனில் திரும்பி வரும். முதுகலை மாணவர்களுக்கு அவர் எடுப்பது ‘1945க்குப் பிந்தைய அமெரிக்கா’. அமெரிக்காவை விடுங்கள், மனிதர் விமானத்தின் உட்புறத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் போர் முடிந்த கையோடு அங்கே நகரத்துக்கு வெளியே ஒரே அச்சில் வார்த்தாற்போல வீடுகள் எழுந்ததையும், அந்த வீடுகள் கறுப்பர்களுக்கு இல்லை என்று சொல்லப்பட்டதையும், வீட்டுக்கு வீடு காரும் டிவியும் வந்தபின் ஜனங்கள் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பயந்ததையும், தான் குடியிருக்கும் தென்னூர்ச் சந்தில் நடந்த சங்கதி மாதிரி சொல்வார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். வேலை நிரந்தரமாக வேண்டும். மனைவி பெலிண்டா புதன்கிழமை தவறாமல் சகாய மாதா கோயிலில் நவநாள் செபத்தில் உட்கார்ந்து இதைத்தான் கேட்கிறார். மாதாவுக்கே இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

கல்லூரிக்குத் தரச்சான்றுக் குழு வரப்போகிறது என்ற செய்தியோடு இந்தக் கதை தொடங்குகிறது. தரச்சான்று வேண்டுமென்றால் கல்லூரி ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தியிருக்க வேண்டும், ‘சிறந்த நடைமுறை’ என்று ஏதாவது ஒன்றைக் கடைப்பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். கருத்தரங்கு பன்னாட்டுத் தன்மை பெற வெளிநாட்டிலிருந்து ஒருவர் பேச வேண்டும். தாளாளரின் மச்சான் மகன் ஜெயக்குமார் நியூஜெர்சியில் இருக்கிறான். ஆகவே கருத்தரங்கின் தலைப்பு, ‘போருக்குப் பிந்தைய அமெரிக்கா: சமூகம், பண்பாடு, அரசியல்’. அறிவு இப்படித்தான் நம் ஊரில் துறை துறையாகப் பிரிகிறது, மச்சான் மகன்கள் இருக்கும் நாடுகளைப் பொறுத்து.

கருத்தரங்கு காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். தாளாளர் பதினொன்றரைக்கு வந்தார். விளக்கேற்றினார்கள். மேடையில் இருந்த எல்லோருக்கும் எல்லோரும் சால்வை போட்டார்கள். பிறகு முதல்வர் வரவேற்றார். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், உத்தர வீதி. பெருமாளுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தாளாளருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டவர். அவர் பாஷையில் பெரியவர்கள் எதையும் சொல்வதில்லை, ‘சாதிக்கிறார்கள்’.

“தாளாளர் ஸ்வாமி இந்த மேடைக்கு எழுந்தருளினது நம்ம பாக்யம். கருத்தரங்கு நடக்கணும்கிறது அவரோட திருவுள்ளம். கருத்து என்னங்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்னும் சாதிச்சார். அடியேன் அதுக்குக் கட்டுப்பட்டவன்.”

தாளாளர் வீரமலை மைக்கைப் பிடித்தார்.

“நான் அமெரிக்கா போனதில்லைங்க. ஆனா அமெரிக்காக்காரன் நம்ம லாட்ஜுக்கு வந்திருக்கான். ஏசி ரூம் கேட்டான், குடுத்தோம். சத்தம் போடாம இருந்துட்டுப் போனான். ஒழுக்கம்! அவன் நாடு முன்னேறுனதுக்கு அதாங்க காரணம், சத்தம் போட மாட்டான். நம்ம பசங்க, ஸ்டாஃபு எல்லாரும் அதைக் கத்துக்கணும்” என்று சொல்லி, சத்தமில்லாமல் முன்னேறுவது எப்படி என்று ஒரு மணி நேரம் சத்தமாகப் பேசினார்.

அப்புறம் பன்னாட்டு உரை. திரையில் ஜெயக்குமார் வந்தான். அங்கே அப்போது நடுச்சாமம். பாவம், கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினான். “போருக்கு அப்புறம்தான் மாமா இங்க எல்லாருக்கும் ஃபிரிட்ஜ் வந்துச்சு. வெயிட் பண்ணுங்க, காட்டறேன்” என்று போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தான். அங்கேயே படம் உறைந்துவிட்டது. ஒரு பாட்டில் ஊறுகாயும் அரை டஜன் முட்டையும் திரையில் அப்படியே நிற்க, அவை நகரும் என்று சபை பொறுமையாகக் காத்திருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் ஆனபின் ஆய்வுக் கட்டுரைகள். நேரம் போய்விட்டதால் ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றார் முதல்வர். மணி அடிக்கும் பொறுப்பு மலர்க்கொடிக்கு. அவளும் தற்காலிகம்தான், தமிழ்த் துறை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவள்.

அமிர்தராஜின் கட்டுரை, அந்தக் காலத்து அமெரிக்காவில் நடந்த விசுவாச விசாரணைகளைப் பற்றியது. ராத்திரியெல்லாம் கண் விழித்து எழுதியது. முதல் பாதியில், விசாரணை எப்படி நடந்தது: அரசாங்கம் குழு போட்டது, வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், சினிமாக்காரர்கள் என்று வரவழைத்து, “நீங்கள் இப்போது கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினரா, அல்லது எப்போதாவது இருந்திருக்கிறீர்களா?” என்று கேட்டது, விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்து வாங்கியது, மற்றவர்கள் பெயரைச் சொல்லச் சொன்னது. இரண்டாம் பாதியில், அதனால் எத்தனை பேர் வேலை போய்த் தெருவில் நின்றார்கள், சிநேகிதர்கள் எப்படிச் சிநேகிதர்களைக் காட்டிக் கொடுத்தார்கள், அந்தத் தேசமே பின்னால் எப்படி வெட்கப்பட்டது என்பதெல்லாம். முதல் பாதி முடிந்து அவர் தாளைத் திருப்பியபோது மலர்க்கொடி மணி அடித்தாள். “சாரி சார்” என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பொங்கல். தாளாளரின் லாட்ஜிலிருந்து வந்தது. மலர்க்கொடியும் அமிர்தராஜும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் இலையைக் கிளறிப் பார்த்துவிட்டு, இடது கையால் போனில் எதையோ தட்டினாள். தற்காலிகங்கள் மட்டும் வைத்திருந்த ‘இடைவேளை’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தது: “பொங்கலில் முந்திரியைப் பார்த்தவர்கள் கை தூக்கவும்.” கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அமிர்தராஜும் ஒன்று போட்டார். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் காலை அந்தச் செய்தியின் படம், தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து, தாளாளரின் போனுக்கு வந்திருந்தது. குரூப்பின் பெயர் மட்டும் தெரிய, அனுப்பியவர் பெயரும், காட்டிக் கொடுத்த புண்ணியவானின் பெயரும் தெரியாதபடி அழித்திருந்தது. விஷயம் என்னவென்றால், அந்த முந்திரியை லாட்ஜ் சமையலறையில் நின்று வறுத்தவர் தாளாளரின் மனைவி காளியாயி அம்மாள். வறுத்தவர் பத்திரமாக எடுத்தும் வைத்துவிட்டார், பொங்கலில் போட மறந்துபோய். இது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். தாளாளரின் கோபம் இரண்டு மடங்கு ஆனதற்கு அதுதான் காரணம்.

முதல்வர் அமிர்தராஜைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு போனவருக்கு நாற்காலி போட்டார்கள், காபி வந்தது.

“நேத்தி உங்க கட்டுரையைக் கேட்டேன் சார். அற்புதம். எவ்வளவு பெரிய தேசம்! அவாளே ஒரு குழு போட்டு, பிரமாணம் வாங்கி, பேர் கேட்டு, எவ்வளவு நேர்த்தியா பண்ணியிருக்கா. இங்க பொங்கலமுதைப் பரிகாசம் பண்ணியிருக்கான் எவனோ. நாம சும்மா இருந்தா எப்படி?”

“சார், அது தப்புன்னு சொல்றதுதான் சார் கட்டுரை. ரெண்டாவது பாதியில...”

“ரெண்டாவது பாதி கருத்தரங்குப் புஸ்தகத்துல வந்துடும். கவலையே படாதீங்கோ.”

“அதனால அவங்க நாடே வெக்கப்பட்டுச்சு சார்.”

“பண்ணி முடிச்சப்புறம்தானே வெக்கப்பட்டா? நாமளும் பண்ணி முடிச்சுட்டு வெக்கப்படலாம்.” முதல்வர் குரலைத் தாழ்த்தினார். “இதையே நம்ம சிறந்த நடைமுறைன்னு தரச்சான்றுக் குழுவுக்குக் காட்டப்போறோம். நீங்கதான் துறை வல்லுநர். நல்லபடியா நடத்திக் குடுத்தா உங்களை நிரந்தரம் பண்ணணும்கிறது தாளாளர் திருவுள்ளம்.”

நிரந்தரம் என்ற சொல்லை அந்த அறையில் அமிர்தராஜ் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்பதற்கு அடையாளமாகக் காபியை எடுத்துக் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது.

‘நிறுவன விசுவாச வளர்ப்புக் குழு’ பிறந்தது. திங்கட்கிழமை காலை ஆசிரியர்கள் எல்லோரும் மைதானத்தில் நின்று கையை நீட்டிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள்: “இக்கல்லூரியையும், இதன் தாளாளரையும், இங்கு அவ்வப்போது வழங்கப்படும் சிற்றுண்டிகளையும் மனத்தாலும் வாக்காலும் செல்போனாலும் இகழ மாட்டேன்.” வெயிலில் இரண்டு பேருக்கு மயக்கம் வந்தது. பிரமாணம் எடுக்காமல் தப்பிக்க மயங்கினார்களா என்று அறிய அவர்களைத் தெளியவைத்து, மறுபடி எடுக்கச் சொன்னார்கள்.

பிறகு விசாரணை. குழுத் தலைவர் முதல்வர். அருகில் வல்லுநர் நாற்காலியில் அமிர்தராஜ். கேள்வியை வாசிப்பது அவர் வேலை. “நீங்கள் இப்போது ‘இடைவேளை’ குரூப்பில் உறுப்பினரா, அல்லது எப்போதாவது இருந்திருக்கிறீர்களா?” வகுப்பில் இந்தக் கேள்வியைப் படிக்கும்போது அவர் குரலில் ஒரு கசப்பு வரும். இங்கேயும் வந்தது. அதை முதல்வர் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டு பாராட்டினார்.

கேள்வியில் ஒரு சூட்சுமம் இருந்தது. அனுப்பியது யார் என்று சொல்ல வேண்டுமானால், நான் அந்தக் குரூப்பில் இருந்தேன் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் எல்லோரும் மறுத்தார்கள். கணிதத் துறைக்காரர் தனக்குப் போனில் பேசத்தான் தெரியும் என்றார். மலர்க்கொடி வந்து, “அப்படி ஒரு குரூப்பே தெரியாதுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அமிர்தராஜ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலகர் பிரான்சியிடம் பட்டன் போன்தான் இருந்தது. “அப்போ நீங்க எந்தக் குரூப்லயும் இல்ல?” என்றார் முதல்வர். “இல்லைங்க சார்.” “ஒண்ணுலகூட இல்லாம ஒருத்தர் தனியா என்ன பண்ணிண்டிருக்கார்? இதுதான் சந்தேகத்துக்கு இடம் குடுக்கறது.” பிரான்சி ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கி, தான் ‘இடைவேளை’யில் இல்லை என்பதை அதில் நிரூபிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

சிரிக்கும் முகங்களை ஆராயத் தமிழ்த் துறைத் தலைவரை அழைத்தார்கள். கண்ணீர் வரச் சிரிக்கும் அந்த முகத்தில் நகை, அழுகை என்ற இரு மெய்ப்பாடுகளும் கலந்துள்ளன என்று அவர் கருத்துரைத்தார். நகை தாளாளருக்கு எதிரானது என்றும், அழுகை பின்னால் வரப்போகும் விளைவை எண்ணி என்றும் குழு ஏகமனதாக ஏற்றது.

கடைசியில் வல்லுநரையே விசாரிக்க வேண்டியதாயிற்று. விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே. அமிர்தராஜ் வல்லுநர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வியை வாசித்தார். எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முந்தின நாள் வீட்டில் பெலிண்டா சொல்லியிருந்தார்: “சொல்லிடுங்களேன். அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு. வேற எங்கயாவது கிடைச்சிடும். உங்களுக்கு இந்த வயசுல யாரு குடுப்பா?” அதில் பொய் எதுவும் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலும் போதும். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் இந்த மனிதர் இத்தனை வருஷமாக மாணவர்களுக்கு இதே நாற்காலியைப் பற்றிப் பாடம் நடத்தியவர். நல்லவர்களை அந்த மாதிரி சமயத்தில் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்கிறது, அது அவர்களுக்கு நல்லதே செய்வதில்லை.

“இருந்தேன் சார்” என்றார்.

அந்தக் குரூப்புக்குக் கிடைத்த ஒரே உறுப்பினர் அவர்தான்.

“அப்போ அனுப்பினது யாருன்னும் தெரியும்.”

“தெரியும் சார்.”

“அந்தத் திருநாமத்தைச் சாதிக்கலாமே.”

“மாட்டேன் சார்.”

முதல்வருக்குக் கோபம் வரவில்லை. “அமெரிக்காவுலயும் இப்படிச் சில பேர் இருந்தாளோல்லியோ? குறிப்புல சேர்த்துக்குங்கோ, ரொம்ப தத்ரூபமா இருக்கு” என்றார். அன்று மாலையே ‘கல்லூரியின் நல்வாழ்த்துகளுடன் விடுவிக்கப்படுகிறார்’ என்று உத்தரவு வந்தது.

மற்றக் கல்லூரிகளில் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் பணி அனுபவச் சான்றிதழைக் கேட்டார்கள். அது முதல்வரிடம் இருந்தது. கேட்கப் போனால் நாளைக்கு, நாளன்னைக்கு என்றார்கள். பெலிண்டா நவநாளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அமிர்தராஜுக்கு அது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் முதல்வரே போன் செய்தார். “தரச்சான்றுக் குழு வந்திருக்கு ஸ்வாமி. சிறந்த நடைமுறைன்னா பயனாளின்னு ஒருத்தர் வேணும்கறா. நீங்கதானே பயனாளி? வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டு, சான்றிதழைக் கையோட வாங்கிண்டு போங்கோ.”

போனார். போகாமல் என்ன செய்வது? வாசலில் பட்டுப்புடவையில் மலர்க்கொடி சந்தனத் தட்டோடு நின்றாள். அவரைப் பார்த்ததும் கண் கலங்கி, சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே நீட்டினாள்.

குழுவில் வடக்கிலிருந்து வந்த ஒரு பெரியவரும் ஒரு அம்மாளும் இருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள், முதல்வர் மொழிபெயர்த்தார். அமிர்தராஜ் எழுந்து, “நல்லா விசாரிச்சாங்க. நாற்காலி எல்லாம் போட்டாங்க” என்றார். முதல்வர் அதை ஆங்கிலத்தில் வெகுநேரம் சொன்னார். அந்த அம்மாள் நெகிழ்ந்துபோனார். பெரியவர் மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டினார். ஒரே ஒரு பயனாளியை வைத்து எப்படி நடைமுறை என்று சொல்வது? குறைந்தது இன்னும் ஒருவராவது வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்றார்.

தாளாளர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் அமிர்தராஜ் பக்கம் குனிந்தார். சான்றிதழ் முதல்வர் கையில் உறையோடு இருந்தது.

“இன்னும் ஒரே ஒரு திருநாமம் ஸ்வாமி. இது விசாரணை இல்லை. பாராட்டு.”

பெயர் சொன்ன அமெரிக்கர்களைப் பற்றி அமிர்தராஜ் ஒவ்வொரு வருஷமும் தேர்வில் கேள்வி கேட்பார். ‘கோழைகள்’ என்று ஒரு வார்த்தையில் எழுதுகிற மாணவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அவர்கள் வீட்டில் என்ன நிலைமை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்பார். இப்போது அவருக்குத் தன் வீட்டு நிலைமை தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கடைசியில் பயம்தான் பேசியது.

“மலர்க்கொடி. தமிழ்த் துறை.”

குழுவினர் கை தட்டினார்கள். வாசலிலிருந்து மலர்க்கொடியை அழைத்து வந்து, தட்டை வாங்கி வைத்துவிட்டு, நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த அம்மாள் அவள் தோளில் கை போட்டு ஏதோ வாழ்த்தினார். மலர்க்கொடி ஒன்றும் புரியாமல் சிரித்தாள். அமிர்தராஜின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவளை விடுவிக்கும் உத்தரவு அடுத்த வாரம் தயாராயிற்று. கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. நடைமுறை அருமை, பயனாளிகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

சான்றிதழில் ‘நடத்தை: நன்று’ என்று இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு அமிர்தராஜ் ஸ்ரீரங்கத்தில் ஒரு டுட்டோரியலில் நேர்முகத்துக்குப் போய்விட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடமில்லை. ஜன்னலோரம் மலர்க்கொடி இருந்தாள். இறங்கிவிடலாமா என்று அவர் திரும்புவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி அம்மா மண்டபத்தில் இறங்க, மலர்க்கொடி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றார் அமிர்தராஜ்.

“பரவாயில்ல சார். எனக்காக முதல்ல ஒரு தடவை சொல்லாம இருந்தீங்களே, அதுவே பெருசு.” அவள் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். “எனக்கும் சர்ட்டிபிகேட் தரேன்னுட்டாங்க சார். பஸ் மாறி இப்ப அங்கதான் போறேன். இந்த வருஷத்துக்கு ஒரு பேரு வேணுமாம்.”

அமிர்தராஜ் பையில் இருந்த தன் சான்றிதழைத் தொட்டுப் பார்த்தார்.

“குரூப்ல இருந்த எல்லாரையும் நினைச்சுப் பாத்துட்டேன். எல்லாருக்கும் வீட்டுல ஏதோ ஒண்ணு இருக்கு. எனக்குப் புரியல.” அவள் அவர் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் இதெல்லாம் படிச்சவங்க. யாரு பேரைச் சொன்னா பாவம் கம்மியா இருக்கும் சார்?”

அமிர்தராஜ் யோசிக்க ஆரம்பித்தார்.